மெனுவில் கிளிக் செய்தபின் என்ன நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

டெஸ்க்டாப் நிரல்களில் மெனு நிகழ்வுகளைக் கையாள்வது பற்றி வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பைத்தானின் டிகின்டர், பைக்யூட்டி, ஜாவாவின் ஸ்விங், சி ஷார்ப்பின் விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்று கருவி எதுவானாலும் சிக்கல் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் தொடங்குகிறது: செய்ய வேண்டிய வேலையை மெனு வரிக்குள்ளேயே எழுதிவிடுகிறோம். வேலையைத் தனியாக எழுதி, மெனுவை அதைக் கூப்பிட மட்டும் விடுங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும் என்பதால் பைத்தான் எடுத்துக்காட்டுகளில் தமிழ்ப் பெயர்களையே வைத்திருக்கிறோம்.

கேள்வி: டிகின்டரில் ஒரு சின்ன நோட்பேட் எழுதுகிறேன். நிரலை ஓட்டியதுமே கோப்பு திறக்கும் பெட்டி தானாக வந்து நிற்கிறது. அதை மூடிவிட்டு மெனுவில் ‘திற’ என்பதைக் கிளிக் செய்தால் ஒன்றுமே நடப்பதில்லை. பிழைச் செய்தியும் இல்லை.
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: மெனு வரியைச் சேர்க்கும் இடத்தில் ‘கமாண்ட்=கோப்பைத்_திற()’ என்று எழுதியிருப்பீர்கள். கடைசியில் உள்ள அந்த அடைப்புக்குறிதான் காரணம். அடைப்புக்குறி போட்டால் பைத்தான் அந்த ஃபங்ஷனை அங்கேயே, அப்போதே ஓட்டிவிடும். பெட்டி தானாக வருவது அதனால்தான். ஓடி முடித்த ஃபங்ஷன் ‘நன்’ என்ற வெற்று மதிப்பைத் திருப்பித் தருகிறது. டிகின்டர் வெற்று மதிப்பைப் பொருட்படுத்தாது. ஆகவே மெனு வரிக்கு எந்த வேலையும் ஒதுக்கப்படாமல் போகிறது, பிழைச் செய்தியும் வருவதில்லை. ‘கமாண்ட்=கோப்பைத்_திற’ என்று பெயரை மட்டும் கொடுங்கள்.

இதைச் சரிசெய்தவர்கள் அடுத்து விழும் குழியையும் சொல்லிவிடுகிறோம். எழுத்தின் அளவை மாற்ற 10, 12, 14, 18 என்று நான்கு வரிகளை ‘ஃபார்’ சுழற்சியில் சேர்ப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் லாம்ப்டா என்ற பெயரில்லாத குட்டி ஃபங்ஷனை ‘லாம்ப்டா: மாற்று(அளவு)’ என்று கொடுப்பீர்கள். ஓட்டிப் பார்த்தால் எதைக் கிளிக் செய்தாலும் 18தான் வரும். லாம்ப்டா ‘அளவு’ என்ற மாறியின் பெயரைத்தான் பிடித்து வைத்திருக்கிறது. மதிப்பைக் கிளிக் செய்யும் நேரத்தில்தான் போய்ப் பார்க்கிறது. அதற்குள் சுழற்சி முடிந்து மாறியில் 18 நின்றுவிடுகிறது. ‘லாம்ப்டா அ=அளவு: மாற்று(அ)’ என்று எழுதுங்கள். முன்னிருப்பு மதிப்பு லாம்ப்டா உருவாகும்போதே கணக்கிடப்படுவதால் ஒவ்வொரு வரிக்கும் அதற்குரிய எண் தங்கிவிடும்.

கேள்வி: மெனுவில் ‘திற’ என்பதற்குப் பக்கத்தில் கன்ட்ரோல்+ஓ என்று அழகாகத் தெரிகிறது. விசையை அழுத்தினால் கோப்புப் பெட்டி வருவதில்லை. மாறாக, எழுதும் பகுதியில் ஒரு வெற்று வரிதான் நுழைகிறது. இது என்ன விந்தை?
— மென்பொருள் பயிற்சியாளர், மதுரை

பதில்: இதில் மூன்று சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் தீரும்.

முதலாவது, டிகின்டரில் ‘ஆக்ஸலரேட்டர்’ என்பது வெறும் எழுத்து. மெனுவின் வலது ஓரத்தில் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. விசையை நீங்கள்தான் ‘பைண்ட்’ மூலம் தனியாகக் கட்ட வேண்டும்.

கட்டியதும் இரண்டாவது சிக்கல் வரும். கோப்பைத்_திற எந்த மதிப்பையும் வாங்காது என்று எழுதியிருக்க, ஒரு மதிப்பு அனுப்பப்பட்டுவிட்டது என்று பைத்தான் புகார் சொல்லும். மெனுவின் ‘கமாண்ட்’ எதையும் அனுப்பாமல் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. ‘பைண்ட்’ நிகழ்வின் விவரத்தை ஒரு மதிப்பாக அனுப்புகிறது. ஃபங்ஷனை ‘கோப்பைத்_திற(நிகழ்வு=நன்)’ என்று அறிவித்தால் இரண்டு வழியாகவும் கூப்பிடலாம்.

மூன்றாவதுதான் உங்கள் வெற்று வரி. ஒரு விசையை அழுத்தியதும் டிகின்டருக்கு அடித்தளமான டிகே அதை வரிசையாக நான்கு இடங்களில் விசாரிக்கிறது: முதலில் அந்த எழுதும் பெட்டி, பிறகு அந்தப் பெட்டியின் வகை, பிறகு முதன்மை விண்டோ, கடைசியாக ‘ஆல்’ என்ற பொது இடம். எழுதும் பெட்டிக்கான ‘டெக்ஸ்ட்’ வகையில் கன்ட்ரோல்+ஓ என்றால் புதிய வரி நுழை என்று முன்பே கட்டப்பட்டிருக்கிறது. நீங்கள் விண்டோவில் கட்டினால் உங்கள் முறை மூன்றாவதாகத்தான் வரும். அதற்குள் வரி நுழைந்துவிடும். அங்கே ‘பிரேக்’ என்று திருப்பித் தந்தும் பயனில்லை, காலம் கடந்துவிட்டது. ஆகவே எழுதும் பெட்டியிலேயே கட்டுங்கள். ஃபங்ஷனின் கடைசி வரியில் ‘பிரேக்’ என்ற சொல்லைத் திருப்பித் தாருங்கள். விசாரணை அங்கேயே நின்றுவிடும். விண்டோவிலும் ஒரு கட்டு இருக்கலாம். எழுதும் பெட்டி ‘பிரேக்’ சொல்வதால் வேலை இருமுறை நடக்காது.

இதே ஆபத்து கன்ட்ரோலோடு டி, கே, ஹெச், டி என நான்கு விசைகளுக்கும் உண்டு. கடைசி டி, ‘டேபிள்’ என்ற சொல்லில் முதலில் வரும் எழுத்து. இவற்றில் ஹெச் மிக மோசம். ‘கண்டுபிடித்து மாற்று’ என்பதற்குப் பலரும் கன்ட்ரோல்+ஹெச் வைப்பார்கள். டெக்ஸ்ட் பெட்டியில் அதற்கு, இடப்பக்க எழுத்தை அழி என்று பொருள். பெட்டி திறக்கும், கூடவே ஓர் எழுத்து காணாமல் போகும். பயனர் கவனிக்கவே மாட்டார்.

கேப்ஸ் லாக்கையும் மறக்காதீர்கள். டிகே சிறிய எஸ், பெரிய எஸ் இரண்டையும் வெவ்வேறு விசைகளாகப் பார்க்கிறது. சிறிய எஸ்ஸை மட்டும் கட்டினால், கேப்ஸ் லாக் போட்டிருப்பவருக்குச் சேமிப்பு வேலை செய்யாது. இரண்டையும் கட்டுங்கள். ‘வேறு பெயரில் சேமி’ என்பதற்கு ஷிஃப்டையும் சேர்த்துத் தனியாகக் கட்டியிருந்தால் குழப்பம் வராது. கூடுதல் விவரம் உள்ள கட்டுக்கே டிகே முன்னுரிமை தரும்.

கேள்வி: பள்ளி நூலகத்துக்காக ஜாவா ஸ்விங்கில் எழுதிய நிரல் ஆங்கில மெனுவோடு நன்றாக ஓடியது. மெனுப் பெயர்களைத் தமிழாக்கியதும் எதைக் கிளிக் செய்தாலும் அசைவில்லை. நிரலில் வேறு எதையும் தொடவில்லை.
— ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: எல்லா மெனு வரிகளுக்கும் கிளிக்கைக் கவனிக்கும் ஒரே ஆக்‌ஷன் லிசனரைக் கொடுத்து, உள்ளே ‘கெட்ஆக்‌ஷன்கமாண்ட்’ தரும் சொல்லை ‘ஓப்பன்’, ‘சேவ்’ என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டிருப்பீர்கள். அந்தக் கட்டளைச் சொல்லை நீங்களே அமைக்காவிட்டால், ஸ்விங் மெனு வரியின் லேபிளையே எடுத்துத் தந்துவிடும். லேபிள் ‘திற’ என்று மாறியதும் எந்த ஒப்பீடும் பொருந்தவில்லை. ஒவ்வொரு வரிக்கும் ‘செட்ஆக்‌ஷன்கமாண்ட்’ மூலம் மாறாத ஒரு சொல்லைக் கொடுத்தால் இன்றைக்கே நிரல் ஓடிவிடும்.

ஆனால் நூலகம் நாளைக்கு டூல்பாரும் கேட்கும். அப்போது இந்த நீண்ட ஒப்பீட்டுச் சங்கிலி சுமையாகிவிடும். இப்போதே ‘ஆப்ஸ்ட்ராக்ட்ஆக்‌ஷன்’ வகைக்கு மாறிவிடுங்கள் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. ‘புத்தகம் வழங்கு’ ஒரு ஆக்‌ஷன், ‘திரும்பப் பெறு’ இன்னொரு ஆக்‌ஷன். பெயர், படம், ஷார்ட்கட் விசை எல்லாம் அந்த ஆக்‌ஷனுக்குள்ளேயே இருக்கும். அதே பொருளை மெனு வரிக்கும் கொடுங்கள், டூல்பாருக்கும் கொடுங்கள். உறுப்பினர் எண் உள்ளிடாத நிலையில் ஆக்‌ஷனை ஒரே ஒருமுறை ‘செட்எனேபிள்டு’ மூலம் முடக்கினால் இரண்டு இடத்திலும் சேர்ந்தே மங்கும். ஒன்றை மறந்து ஒன்றை முடக்கும் பேச்சே இல்லை.

தமிழ் மெனுவுக்கு இன்னும் இரண்டு குறிப்புகள். லேபிள்களை ‘ப்ராபர்டீஸ்’ கோப்பில் வைத்தால் ஜாவா 8 வரை அதை, தமிழ் எழுத்துகள் இல்லாத ஐஎஸ்ஓ 8859-1 குறியாக்கமாகவே படிக்கும். தமிழ் குப்பையாகத் தெரியும். அங்கே ‘நேட்டிவ்2ஆஸ்கி’ கருவியால் மாற்றியாக வேண்டும். ஜாவா 9 முதல் ‘ரிசோர்ஸ்பண்டில்’ வழியாகப் படித்தால் யூடிஎஃப்-8 ஆகவே படிக்கப்படுகிறது. அடுத்தது ஆல்ட் விசை. ‘கோப்பு’ மெனுவுக்கு எஃப் எழுத்தை ‘நெமோனிக்’ ஆக வைத்தால் ஆல்ட்+எஃப் வேலை செய்யும். ஆனால் லேபிளில் அந்த எழுத்தே இல்லாததால் அடிக்கோடு விழாது, பயனருக்கு விசை எது என்று தெரியாது. ஜப்பானிய, சீன மென்பொருள்களில் செய்வதுபோல லேபிளின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் அந்த ஆங்கில எழுத்தைச் சேர்த்துவிடுங்கள். அடிக்கோடு அதன்கீழ் விழும்.

கேள்வி: ‘மாத அறிக்கை’ என்ற மெனுவைக் கிளிக் செய்தால் முழு விண்டோவும் உறைந்துவிடுகிறது. ‘தயாராகிறது’ என்று கிளிக்கின் முதல் வரியிலேயே எழுதியும் அது திரையில் வருவதே இல்லை. பயனர்கள் பொறுமையிழந்து மறுபடி மறுபடி கிளிக் செய்கிறார்கள்; அறிக்கையும் மறுபடி மறுபடி தயாராகிறது. இதுவும் ஸ்விங்தான்.
— நிரலாளர், திருப்பூர்

பதில்: ஸ்விங்கில் கிளிக்கைக் கவனிப்பதும் திரையை வரைவதும் ஒரே இழைதான் (இழை என்பது ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் ஓட்டம்). அதற்கு ஈவண்ட் டிஸ்பாட்ச் த்ரெட் என்று பெயர். உங்கள் மெனு நிகழ்வு ஓடுவதும் அதில்தான். அறிக்கை முடியும்வரை அந்த இழை வெளியே வராது. ‘தயாராகிறது’ என்பதை வரையும் கோரிக்கை வரிசையில் காத்திருக்கிறது. பயனரின் அடுத்தடுத்த கிளிக்குகளும் அதே வரிசையில் சேர்கின்றன. முதல் அறிக்கை முடிந்ததும் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்குகின்றன.

சிலர் ‘இன்வோக்லேட்டர்’ போட்டுப் பார்ப்பார்கள். அது வேலையைத் தள்ளிப்போடுமே தவிர, ஓடப்போவது அதே இழையில்தான். உறைதல் ஒரு கணம் கழித்து வரும், அவ்வளவே.

சரியான கருவி ‘ஸ்விங்வொர்க்கர்’. வேலையை இந்த வரிசையில் அமையுங்கள். மெனு நிகழ்வு தொடங்கியதும் தேதி, கிளை போன்றவற்றைப் பெட்டிகளிலிருந்து படித்துச் சாதாரண மாறிகளில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி இழையிலிருந்து திரைப் பெட்டிகளைத் தொடக்கூடாது. அடுத்து ஆக்‌ஷனை முடக்குங்கள். இரண்டாவது கிளிக்குக்கு இடமே இருக்காது. பிறகு புதிய ஸ்விங்வொர்க்கர் ஒன்றை உருவாக்கி ‘எக்ஸிக்யூட்’ செய்யுங்கள். டேட்டாபேஸ் வேலை முழுவதும் ‘டூஇன்பேக்கிரவுண்ட்’ மெத்தடுக்குள் போகட்டும். முன்னேற்றத்தைக் காட்ட அங்கிருந்து ‘பப்ளிஷ்’ செய்தால் ‘ப்ராசஸ்’ மெத்தட் திரை இழையில் அதைப் பெறும். முடிந்ததும் ‘டன்’ மெத்தடும் திரை இழையிலேயே ஓடும். அறிக்கையைக் காட்ட வேண்டியது அங்கேதான்.

இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். ஒரு ஸ்விங்வொர்க்கர் பொருள் ஒருமுறைதான் ஓடும். அதைக் கிளாஸின் மாறியாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளிக்குக்கும் எக்ஸிக்யூட் செய்தால், இரண்டாவது முறை பிழையும் வராது, வேலையும் நடக்காது. கிளிக்குக்குக் கிளிக் புதிதாக உருவாக்குங்கள். இன்னொன்று, பின்னணியில் எழும் பிழைகள் சத்தமின்றி விழுங்கப்படும். ‘டன்’ மெத்தடுக்குள் ‘கெட்’ என்பதைக் கூப்பிட்டால்தான் அந்தப் பிழை வெளியே வரும். ஆகவே அறிக்கையின் முடிவு தேவைப்படாவிட்டாலும் ‘கெட்’டைக் கூப்பிடுங்கள். ஆக்‌ஷனை மீண்டும் இயக்கும் வரியை ‘ஃபைனலி’ பகுதியில் வையுங்கள். இல்லையென்றால் டேட்டாபேஸ் இணைப்பு ஒருமுறை அறுந்தாலே அந்த மெனு நிரலை மூடும்வரை மங்கியே கிடக்கும்.

கேள்வி: சி ஷார்ப் விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒரு மெனு வரியைக் கிளிக் செய்தால் வேலை இரண்டு முறை நடக்கிறது. இன்னொன்றில் டிக் குறி போட முயன்றால் விழுவதே இல்லை.
— வாசகர், சேலம்

பதில்: டிசைனரில் இருமுறை கிளிக் செய்தபோதே விஷுவல் ஸ்டுடியோ, டிசைனர் கோப்பில் கிளிக் நிகழ்வை இணைத்துவிட்டது. கன்ஸ்ட்ரக்டரிலோ லோட் நிகழ்விலோ கூட்டல்-சமக்குறியோடு நீங்கள் இன்னொரு முறை இணைத்திருப்பீர்கள். ஒன்றை நீக்குங்கள். டிக் விழாததற்கும் இதேபோன்ற இரட்டிப்புதான் காரணம்: ‘செக்ஆன்கிளிக்’ பண்பை ‘ட்ரூ’ என்று வைத்தால், உங்கள் கிளிக் நிகழ்வு ஓடுவதற்கு முன்பே டிக் மாறியிருக்கும். நீங்கள் உள்ளே மறுபடி மாற்றும்போது பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. நிகழ்வுக்குள் ‘செக்டு’ மதிப்பைப் படிக்க மட்டும் செய்யுங்கள். அது புதிய நிலையைத்தான் காட்டும்.

கேள்வி: அதே விண்டோஸ் ஃபார்ம்ஸ். பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்தால்தான் ‘வரியை நீக்கு’ மெனு இயங்க வேண்டும் என்று, மெனு விரியும்போது சரிபார்த்து முடக்குகிறேன். கண்ணால் பார்க்கும்போது சரியாக இருக்கிறது. ஷார்ட்கட் விசை மட்டும் சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் இல்லை.
— கணினி மையம் நடத்துபவர், கோவை

பதில்: ‘டிராப்டவுன்ஓப்பனிங்’ நிகழ்வில் சரிபார்க்கிறீர்கள். அது மெனு கண்முன் விரியும்போதுதான் எழும். ஷார்ட்கட் விசையை அழுத்தும்போது மெனு விரிவதில்லை. மெனு வரி கடைசியாக எந்த நிலையில் விடப்பட்டதோ அதே நிலைதான் செல்லும். தேர்வு எதுவும் இல்லாதபோது மெனுவை ஒருமுறை திறந்து மூடியிருந்தால் மெனு வரி முடங்கியே நிற்கும். பிறகு பட்டியலில் ஒரு வரியைத் தேர்ந்து விசையை அழுத்தினாலும் பதில் இருக்காது. விண்டோஸின் பழைய வின்32 முறையில் ‘ட்ரான்ஸ்லேட்ஆக்ஸலரேட்டர்’, விசை அழுத்தும்போதும் மெனு திறப்பதற்கான செய்தியை அனுப்பி நிலையைப் புதுப்பிக்க வாய்ப்புத் தந்தது. அங்கிருந்து வந்தவர்கள் இங்கே ஏமாறுவது இதனால்தான்.

நிலையை மாற்ற வேண்டிய இடம், காரணம் மாறும் இடம். பட்டியலின் ‘செலக்‌ஷன்சேஞ்டு’ நிகழ்வில் மெனு வரியை இயக்குவதும் முடக்குவதும் நடக்கட்டும். கிளிப்போர்டு போல வெளியிலிருந்து மாறும் காரணங்களுக்கு அப்படி ஒரு நிகழ்வு கையில் இருக்காது. அங்கே டிராப்டவுன்ஓப்பனிங்கில் முடக்கி, ‘டிராப்டவுன்குளோஸ்டு’ நிகழ்வில் எல்லாவற்றையும் மீண்டும் இயக்கிவிடுங்கள். எந்த முறையானாலும் வேலை செய்யும் ஃபங்ஷனின் முதல் வரியில் நிபந்தனையை மறுபடி சரிபாருங்கள். மெனு மங்கியிருப்பது பயனருக்கான சைகைதான். தரவைக் காக்கும் பொறுப்பு ஃபங்ஷனுடையது.

இன்னொன்றும் கவனியுங்கள். ‘வரியை நீக்கு’ என்பதற்கு டிலீட் விசையைத் தனியாக ஷார்ட்கட் ஆக்கிவிடாதீர்கள். விண்டோஸ் ஃபார்ம்ஸ் அதை அனுமதிக்கும். ஆனால் மெனு ஷார்ட்கட்டுகள் டெக்ஸ்ட் பெட்டிக்கு முன்பே விசையைப் பறித்துக்கொள்ளும். பெயரில் ஓர் எழுத்தை அழிக்க டிலீட் அழுத்தியவர் முழு வரியையும் இழப்பார்.

கேள்வி: பைக்யூட்டியில் ‘சமீபத்திய கோப்புகள்’ பட்டியல் போட்டேன். சுழற்சியில் லாம்ப்டாவுக்கு முன்னிருப்பு மதிப்பும் கொடுத்தேன். ஆனாலும் கோப்பின் பாதைக்குப் பதில் ‘ஃபால்ஸ்’ என்று வருகிறது. மேக் கணினியில் ‘செட்டிங்ஸ்’ என்ற மெனு வரி காணவே இல்லை.
— மென்பொருள் பணியாளர், பெங்களூரு

பதில்: டிகின்டரில் சரியாக வரும் உத்தி இங்கே தவறும். க்யூஆக்‌ஷனின் ‘ட்ரிகர்டு’ சிக்னல் (கிளிக்கை அறிவிக்கும் செய்தி), டிக் விழுந்திருக்கிறதா என்ற மதிப்பையும் அனுப்புகிறது. சாதாரண வரிக்கு அது ஃபால்ஸ். அந்த மதிப்பு உங்கள் லாம்ப்டாவின் முதல் இடத்தில் போய் உட்கார்ந்து பாதையை அழித்துவிடுகிறது. ‘லாம்ப்டா டிக், ப=பாதை: திற(ப)’ என்று முதல் இடத்தை அதற்கே விட்டுவிடுங்கள். இதைவிடச் சுத்தமான வழி: ஒவ்வொரு ஆக்‌ஷனிலும் ‘செட்டேட்டா’ மூலம் பாதையை வைத்து, மெனுவின் ட்ரிகர்டு சிக்னலை ஒரே ஃபங்ஷனோடு இணைப்பது. மெனுவின் சிக்னல் கிளிக் ஆன ஆக்‌ஷனையே கையில் தரும். அதன் டேட்டாவைப் படித்தால் போதும், லாம்ப்டாவே வேண்டாம்.

மேக்கில் வரி காணாமல் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. க்யூட்டி மெனு வரியின் ஆங்கிலப் பெயரைப் பார்த்து ஊகிக்கும்: செட்டிங்ஸ், ஆப்ஷன்ஸ், செட்அப், கான்ஃபிக் போன்றவை பெயரின் தொடக்கத்தில் வந்தால் ‘ப்ரிஃபரன்ஸஸ்’ என்று கருதி, நிரலின் பெயருள்ள மெனுவுக்குக் கொண்டுபோய்விடும். அபவுட், குவிட், எக்ஸிட் ஆகியவற்றுக்கும் இதே கதி. அது உண்மையிலேயே நிரலின் அமைப்புப் பக்கம் என்றால் அங்கேயே இருக்கட்டும்; மேக் பயனர்கள் அங்கேதான் தேடுவார்கள். ‘செட்அப் பிரிண்டர்’ போல வேறு வேலை என்றால் ‘மெனுரோல்’ பண்பை ‘நோரோல்’ என்று வையுங்கள், அதுவும் மெனு பாரில் சேர்ப்பதற்கு முன்பே. தமிழ் மெனு எழுதுபவர்களுக்கு இது நேர்மாறாக நடக்கும்: ‘இந்நிரல் பற்றி’ என்பதை க்யூட்டி அடையாளம் காணாது. அதற்கு ‘அபவுட்ரோல்’ என்று நீங்களே குறித்துவிட வேண்டும்.

கேள்வி: ஸ்விங் மெனு பாரில் ‘உதவி’ என்பதைக் கிளிக் செய்தால் கீழே எதுவும் விரியாமல் நேராக உதவிப் பக்கம் திறக்க வேண்டும். ஜேமெனுவுக்கு ஆக்‌ஷன் லிசனர் போட்டும் அது கூப்பிடப்படவில்லை.
— வாசகி, திருச்சி

பதில்: ஜேமெனுவைக் கிளிக் செய்தால் ஆக்‌ஷன் நிகழ்வு எழாது, ‘மெனுலிசனர்’ மூலம் ‘மெனுசெலக்டட்’ மட்டும்தான் வரும். அதில் உதவிப் பக்கத்தைத் திறக்கலாம்தான், ஆனால் வேண்டாம். பக்கத்து மெனு விரிந்திருக்கும்போது மவுஸ் ‘உதவி’ மேல் நகர்ந்தாலும், அம்பு விசையால் அதைக் கடந்தாலும் மெனுசெலக்டட் எழும். கேட்காமலேயே உதவிப் பக்கம் வந்து விழும். ‘உதவி’க்குள் ‘பயன்பாட்டு வழிகாட்டி’ என்று ஒரு ஜேமெனுஐட்டம் வைத்து, அதற்கு எஃப்1 விசையை ஆக்ஸலரேட்டராகக் கொடுங்கள். ஸ்விங்கில் ஆக்ஸலரேட்டர் வெறும் எழுத்தல்ல, விசையையும் சேர்த்தே கட்டிவிடும்.